இணை மானியமும் மூலதன நிதியும்: நூலகம், அருங்காட்சியகம், ஆய்வு மையம் நடத்துவோர் கேட்கும் கேள்விகள்

"நீங்கள் மூன்று டாலர் திரட்டுங்கள், நாங்கள் ஒரு டாலர் போடுகிறோம்." அமெரிக்க அரசு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நூலகங்களிடமும் அருங்காட்சியகங்களிடமும் கல்லூரிகளிடமும் சொல்லிவந்தது இதைத்தான். தமிழ் இருக்கை (பல்கலைக்கழகத்தில் தமிழுக்கென ஒரு நிரந்தரப் பேராசிரியர் பதவி), தமிழ் நூலகம் என்று நிதி திரட்டுகிற கூட்டங்களிலும் இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. கேட்கப்படும் கேள்விகளும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்கள் இங்கே. அமெரிக்கத் திட்டத்தை நடுவில் வைத்துப் பேசக் காரணம், அதன் விதிகள் தெளிவானவை. நீண்ட காலம் நடந்ததால் நல்லது கெட்டது இரண்டும் வெளியே தெரிந்துவிட்டது.

இணை மானியம் என்றால் என்ன?

மேட்சிங் கிராண்ட் என்று சொல்கிறோமே, அதுதான். மானியம் தருபவர் மொத்தச் செலவையும் ஏற்பதில்லை. நீங்கள் வெளியே இவ்வளவு திரட்டினால் நான் இவ்வளவு தருவேன் என்று ஒரு விகிதம் சொல்லிவிடுவார். தமிழ்நாட்டில் "நமக்கு நாமே" திட்டம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஊர் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், சாலை, குளம் எல்லாம் அப்படி நடந்திருக்கின்றன.

அமெரிக்காவில் மொழி, இலக்கியம், வரலாறு, தத்துவம், தொல்லியல் போன்ற மானுடக் கல்வித் துறைகளுக்கு நிதி தருவது என்.இ.எச். (நேஷனல் என்டோமென்ட் ஃபார் தி ஹியுமானிட்டீஸ்) என்ற அரசு நிறுவனம். 1965இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் பிறந்தது. அதன் 'சேலஞ்ச் கிராண்ட்' திட்டத்தில் விகிதம் தலைகீழ். முதல் முறை வாங்கும் நிறுவனம் அரசின் ஒரு டாலருக்கு மூன்று டாலர் திரட்ட வேண்டியிருந்தது. ஏற்கெனவே வாங்கியவர் மறுபடி வந்தால் நான்கு டாலர்.

ஏன் இவ்வளவு கறார்? இது மானியமா, பந்தயமா?

பந்தயம் என்றே வைத்துக்கொள்ளலாம். அந்தத் திட்டத்தின் நோக்கம் அந்த ஆண்டுச் செலவுக்குப் பணம் கொடுப்பதல்ல. அரசு போன பிறகும் நிறுவனம் தன் காலில் நிற்க வேண்டும், அதற்கு ஆதரவாளர் வட்டம் ஒன்று உருவாக வேண்டும் என்பதுதான் கணக்கு. அரசுப் பணம் ஐந்து லட்சம் டாலர் என்றால், அதைவிட முக்கியம் அதைக் காட்டிக் கூட்டிய பதினைந்து லட்சம். அதையும்விட முக்கியம், அதைக் கொடுத்தவர்களின் முகவரிப் பட்டியல். நிதி திரட்டிப் பழகியவர்கள் இந்த மூன்றாவதைத்தான் சொத்தாகப் பார்ப்பார்கள்.

யார் கண்டுபிடித்த வழி இது?

நன்றாகப் பதிவாகியிருக்கும் பழைய கதை பெஞ்சமின் பிராங்க்ளினுடையது. 1751இல் பிலடெல்பியாவில் ஏழைகளுக்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று தாமஸ் பாண்ட் என்ற மருத்துவர் அலைந்துகொண்டிருந்தார். பென்சில்வேனியா சட்டமன்றத்தில் கிராமப்புற உறுப்பினர்கள், "பட்டணத்துக்காரர்களுக்கு நாங்கள் ஏன் அழ வேண்டும்?" என்கிற மாதிரி முரண்டு பிடித்தார்கள். பிராங்க்ளின் ஒரு மசோதா எழுதினார்: மக்கள் 2000 பவுண்டு நன்கொடை திரட்டிக் காட்டினால் மட்டும் அரசு 2000 பவுண்டு தர வேண்டும். அவ்வளவு பணம் திரளவே திரளாது என்று நம்பிய எதிர்ப்பாளர்கள், காசு செலவில்லாமல் தர்மவான் பெயர் கிடைக்கிறதே என்று ஆதரித்து வாக்களித்துவிட்டார்கள். அப்புறம் பிராங்க்ளின் மக்கள் பக்கம் திரும்பி, நீங்கள் கொடுப்பது இரட்டிப்பாகும் என்றார். தொகை சேர்ந்துவிட்டது. கொஞ்சம் தந்திரம் செய்தும் அதற்காகத் தன்னைத்தானே எளிதாக மன்னித்துக்கொண்ட காரியம் இது என்று பின்னாளில் அவரே எழுதினார்.

இரண்டு தரப்பையும் ஒரே வாக்கியத்தால் இழுத்த அந்தச் சாமர்த்தியம்தான் இன்றுவரை இந்தத் திட்டங்களின் எஞ்சின்.

அமெரிக்க எஃகு ஆலை அதிபர் ஆண்ட்ரூ கார்னகி நூலகம் கட்டிக் கொடுத்தபோது வேறொரு நிபந்தனை வைத்தார். இடம் ஊருடையது, கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஊர் ஆண்டுதோறும் நூலகத்தை நடத்த ஒதுக்க வேண்டும். உலகெங்கும் சுமார் 2500 நூலகங்கள் அப்படி எழுந்தன. 1966இல் ஃபோர்டு அறக்கட்டளை 61 இசைக்குழுக்களுக்கு 8 கோடி டாலர் அறிவித்தது. அதில் பெரும்பகுதி மூலதன நிதி. இசைக்குழுக்களும் தம் பங்கைத் திரட்ட வேண்டும். 1976இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதையே அரசுத் திட்டமாக்கியது. அடுத்த ஆண்டு முதல் என்.இ.எச். வழங்கத் தொடங்கியது.

மூலதன நிதி என்று ஏன் தனியாகச் சொல்கிறீர்கள்? வங்கியில் இருக்கிற பணம்தானே?

இல்லை. செலவழிக்கக் கூடாத பணம். அது ஈட்டித் தருவதில் ஒரு பகுதியை மட்டும்தான் செலவழிக்கலாம்.

நம் ஊரில் இதற்கு ஆயிரம் ஆண்டுப் பழைய உதாரணம் கல்வெட்டிலேயே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு கொடுத்தார்கள். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், குட்டி பிறக்கும். கணக்கில் 96 மட்டும் குறையக் கூடாது. "சாவா மூவாப் பேராடு" என்றே கல்வெட்டுகள் அதைச் சொல்கின்றன. நெய்யை எடுத்துக்கொள், ஆட்டை அறுக்காதே. மூலதன நிதிச் சட்டங்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதும் இதைத்தான்.

இப்போது எண்ணுக்கு வருவோம். ஐந்து லட்சம் டாலர் மானியம், மூன்றுக்கு ஒன்று விகிதம். நிறுவனம் திரட்ட வேண்டியது 15 லட்சம். மொத்தம் 20 லட்சம் டாலர் மூலதனம். அமெரிக்க நிறுவனங்கள் வழக்கமாக, கடந்த மூன்று ஆண்டுச் சராசரி மதிப்பில் 4 முதல் 5 சதவீதம் வரை எடுத்துச் செலவு செய்யும். ஐந்து என்றே வைத்தாலும் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர். அவ்வளவுதான். சலுகைகளோடு சேர்த்து ஒரு காப்பாளருடைய சம்பளம். 20 லட்சம் டாலர் என்று பத்திரிகையில் பெரிய எழுத்தில் வரும். உள்ளே ஒரே ஒரு நாற்காலி.

இந்தியக் கணக்கிலும் பார்க்கலாம். ஒரு கோடி ரூபாயை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் ஆண்டுக்கு 7 லட்சம். முழுவதையும் செலவழித்தால் பத்து ஆண்டு கழித்தும் அதே 7 லட்சம்தான் வரும். விலைவாசி எங்கேயோ போயிருக்கும். எனவே பாதியைத் திரும்ப மூலதனத்தில் சேர்க்க வேண்டும். மீதி மூன்றரை லட்சம், மாதம் சுமார் 29,000 ரூபாய். ஒரு நூலகர். கரண்ட் பில் தனி.

இந்தக் கணக்கைச் சொன்னதும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. முதல் கூட்டத்திலேயே வாடுவது நல்லது.

அப்படியானால் மூலதன நிதிக்கு ஏன் மெனக்கெட வேண்டும்? அந்தப் பணத்துக்குக் கட்டடம் கட்டலாமே?

கட்டடத்துக்கு நன்கொடை கிடைப்பது எளிது. ட்யூப் லைட்டில்கூட உபயம் என்று பெயர் எழுதுகிற ஊர் நம்முடையது. கட்டடம் என்றால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவிலும் வாசலில் பெயர் பொறிப்பதற்கு அதே மவுசுதான். "ஆவணக் காப்பாளர் சம்பளம்: இன்னார் உபயம்" என்று எழுத யாரும் வரிசையில் நிற்பதில்லை.

ஆனால் ஒரு நூலகத்தை மூடவைப்பது கூரை இல்லாமை அல்ல, மாதச் செலவு. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்கள், இதழ்கள், நாடக நோட்டீஸ்கள். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, தமிழ்நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்தது. அதைக் காப்பாற்றுவது என்றால் என்ன? நூறு ஆண்டுப் பழைய காகிதம் மஞ்சளாகி, மடித்த இடத்தில் ஒடிந்து, தொட்டால் பொடியாகும். அமில நீக்கம் செய்ய வேண்டும், கிழிந்த தாளை மெல்லிய தாளால் ஒட்ட வேண்டும், நுண்படம் எடுக்க வேண்டும், ஸ்கேன் செய்ய வேண்டும், அந்த ஸ்கேன் கோப்புகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வன்வட்டுக்கு மாற்ற வேண்டும். பட்டியல் போட ஆள் வேண்டும். ஏ.சி. நிற்கக் கூடாது. இதில் எதுவும் ஒருமுறை செய்து முடிக்கிற வேலை இல்லை. முடியாத செலவுக்கு, முடியாத வருமானம்தான் சரி.

திட்டத்துக்கு மானியம் வாங்கி ஓட்டுகிறவர்களுக்கு இது புரியும். இரண்டு ஆண்டுக்கு ஆள் எடுப்பார்கள், பழக்குவார்கள், வேலை பிடிபடும்போது மானியம் முடியும், ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். மறுபடி முதலிலிருந்து.

திரட்டும் பணத்தில் எது கணக்கில் சேரும், எது சேராது?

விண்ணப்பம் போடுகிறவர்கள் அதிகமாகத் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

முதல் விதி: புதிய பணமாக இருக்க வேண்டும். மானிய அறிவிப்பைக் காட்டி, அதற்காகவே கேட்டு வாங்கிய பணம். போன வருடம் யாரோ கொடுத்து வங்கியில் கிடப்பதை எடுத்துக் காட்ட முடியாது. இரண்டாவது: அரசிடம் வாங்கி அரசிடமே காட்டக் கூடாது. என்.இ.எச். விதிப்படி மத்திய அரசின் வேறு துறையிலிருந்து வந்த பணம் ஈடாகாது. மாநில அரசு, நகராட்சி கொடுத்தால் ஆகும். மூன்றாவது: நன்கொடை இந்தத் திட்டத்தின் நோக்கத்துக்கே என்று இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பொதுவாக வந்ததையோ விளையாட்டு அரங்குக்கு வந்ததையோ திருப்பிவிட முடியாது.

பங்குப் பத்திரமாகக் கொடுத்தால், கொடுத்த அன்றைய சந்தை மதிப்பு. விருந்து வைத்து, கச்சேரி நடத்தித் திரட்டினால் செலவு போக மிச்சம் மட்டும். பத்தாயிரம் டாலர் வசூல், மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் எட்டாயிரம் என்றால் உங்கள் கணக்கில் வருவது இரண்டாயிரம். நம் சங்கங்களின் ஆண்டு விழாக் கணக்கை இப்படிப் போட்டுப் பார்த்தால் சில வருடம் மைனஸில் நிற்கும்.

"நான் தருகிறேன்" என்ற வாக்குறுதி வேறு, பணம் வேறு. எழுத்தில் கையெழுத்திட்ட வாக்குறுதியைத் திட்டமிடுவதற்கு வைத்துக்கொள்ளலாம். காலக்கெடுவுக்குள் காசு வந்து சேர்ந்தால்தான் ஈடு. "என் உயிலில் எழுதிவைக்கிறேன்" என்பவரைக் கும்பிட்டு நன்றி சொல்லுங்கள். ஆனால் அவர் நூறாண்டு வாழ வேண்டும் என்றும் வேண்டிக்கொள்வதால், அந்தத் தொகையை இந்தக் கணக்கில் எழுத முடியாது.

தன்னார்வலர் உழைத்த நேரத்தைப் பணமாக மதிப்பிட்டுக் காட்டலாமா என்று கேட்பார்கள். வேறு வகை மானியங்களில் அதற்கு இடம் உண்டு. மூலதன நிதிக்கு அது உதவாது; உழைப்பை வங்கியில் போட்டு வட்டி வாங்க முடியாது இல்லையா?

அரசுப் பங்கு முதலிலேயே வருமா?

பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். சில ஆண்டுக் காலக்கெடு, ஒவ்வொரு ஆண்டுக்கும் ஓர் இலக்கு. இலக்கை எட்டியதற்கான கணக்கைச் சான்றோடு அனுப்பினால் அந்த ஆண்டுத் தவணை வரும். அதனால் நிதி திரட்டும் ஊழியரின் சம்பளம், அச்சுச் செலவு, பயணம் எல்லாம் முதலில் உங்கள் கையிலிருந்துதான் போகும். இதை வரவு செலவுத் திட்டத்தில் எழுதாமல் இறங்கக் கூடாது.

இலக்கை எட்ட முடியாவிட்டால்?

எட்டிய அளவுக்குத்தான் கிடைக்கும். மீதியை விட்டுவிட வேண்டும். திரட்டியது உங்களோடு இருக்கும். யாரும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள். பெயர் கொஞ்சம் அடிபடும்.

ஒன்றுக்கு மூன்று என்று அறிவித்தால் ஒன்றுக்கு ஒன்றைவிட அதிகம் பேர் கொடுப்பார்களா?

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கே பேசுவது மறு திசை விகிதம்: நீங்கள் ஒரு டாலர் கொடுத்தால் பெரிய கொடையாளர் ஒன்று, இரண்டு, மூன்று போடுவார் என்ற வாக்குறுதி. டீன் கார்லன், ஜான் லிஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் ஓர் அமெரிக்க அமைப்பின் பழைய நன்கொடையாளர்கள் 50,000 பேருக்குக் கடிதம் அனுப்பினார்கள். சிலருக்கு இணைத் தொகை பற்றி எதுவும் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு ஒன்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வேறு வேறு வாக்குறுதி. 2007இல் வெளியான முடிவு: இணைத் தொகை உண்டு என்று சொன்னதாலேயே கொடுப்பவர் எண்ணிக்கை 22 சதவீதம் கூடியது. ஆனால் ஒன்றுக்கு ஒன்றாக இருந்தாலும் மூன்றாக இருந்தாலும் வித்தியாசம் இல்லை!

இன்னொரு சோதனை ஜெர்மனியில், மியூனிக்கில் உள்ள பவேரிய அரசு ஓபராவின் ரசிகர்களிடம் நடந்தது. அங்கே தெரிந்தது கொஞ்சம் சங்கடமான விஷயம். "ஒரு பெரிய கொடையாளர் ஏற்கெனவே 60,000 யூரோ கொடுத்துவிட்டார்" என்று மட்டும் சொன்னபோது மக்கள் கையிலிருந்து வந்த பணம், "நீங்கள் கொடுப்பதற்கு அவர் இணையாகப் போடுவார்" என்றபோது வந்ததைவிட அதிகம். இணைத் தொகை வரும் என்றதும் சிலர் தம் பங்கைக் குறைத்துக்கொள்கிறார்கள் போலும். நமக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது. பெரிய தொகை ஒருவர் தருகிறார் என்றால் முதலில் அதை வாங்கி, பெயரோடு அறிவித்துவிடுங்கள். விகிதத்தை வைத்து விளம்பரம் செய்ய வேண்டும் என்றால் ஒன்றுக்கு ஒன்றே போதும்.

ஏற்கெனவே பணக்கார நண்பர்கள் இருக்கிற நிறுவனங்களுக்குத்தானே இது சாதகம்?

ஆமாம். இந்தத் திட்டத்தின் மேல் எனக்கு இருக்கும் பெரிய குறையும் அதுதான். பெரிய பல்கலைக்கழகத்தில் நிதி திரட்டவே ஒரு துறை இருக்கும், நூறு ஆண்டு முன்னாள் மாணவர் பட்டியல் இருக்கும். மூன்று டாலர் அவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. மலையடிவாரத்துச் சிறுநகர வரலாற்றுச் சங்கத்துக்கு அதே மூன்று டாலர் மூன்று வருட உழைப்பு. ஒரே விகிதம் எல்லோருக்கும் என்றால் பார்ப்பதற்குத்தான் நியாயம்.

என்.இ.எச்.சுக்கும் இது தெரிந்திருந்தது. கறுப்பின மக்களுக்காக அமைந்த பழைய கல்லூரிகள், அமெரிக்கப் பழங்குடியினர் கல்லூரிகள், ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகள் போன்றவற்றுக்கு விகிதத்தைக் குறைத்தது. மறுபடி வருபவருக்கு நான்கு என்று உயர்த்தியதும் பழம் தின்றவரே திரும்பத் திரும்பத் தின்னக் கூடாது என்பதற்காகத்தான். இருந்தாலும் ஓர் ஊரில் பணம் இருக்கிறதா என்பதை, அந்த ஊர் நூலகத்தில் இருக்கும் ஆவணங்களின் அருமையோடு இந்த முறை குழப்பிவிடுகிறது. நான் விதி எழுதினால் சிறிய நிறுவனத்துக்கு ஒன்றுக்கு ஒன்று, அதற்கும் முன்னால் நிதி திரட்டக் கற்றுக்கொள்ள ஒரு சிறு தொகை என்று வைப்பேன்.

2018இல் திட்டம் உருமாறி, கட்டடம், கருவி, எண்மக் கட்டமைப்பு பக்கம் சாய்ந்தது. அதுவும் தேவைதான். ஆனால் நிரந்தர வருமானம் என்ற பழைய நோக்கத்துக்கு வேறு கதவு திறக்கவில்லை.

நாம் திரட்டிய பிறகு அரசு கைவிரித்துவிட்டால்?

நடந்திருக்கிறது. ஃபுளோரிடா மாநிலம் 1979 முதல் பல்கலைக்கழக நன்கொடைகளுக்கு இணைத் தொகை தந்துவந்தது. நன்கொடையாளர்கள் அதை நம்பிக் கொடுத்தார்கள். மாநிலம் தர வேண்டிய பாக்கி மலைபோல் சேர்ந்தது. 2011இல் திட்டத்தையே நிறுத்திவைத்தார்கள். "நான் கொடுத்தது இரட்டிப்பாகும் என்றீர்களே" என்று கொடையாளர் கேட்டால் பல்கலைக்கழகம் என்ன சொல்லும்?

2025 ஏப்ரலில் இதைவிடப் பெரிய அடி. என்.இ.எச். ஏற்கெனவே வழங்கியிருந்த 1,400க்கும் மேற்பட்ட மானியங்கள் திடீரென்று ரத்து செய்யப்பட்டன. மாநில மானுடக் கல்வி மன்றங்கள் ஒவ்வொன்றும் அதில் சிக்கின. அந்த மாதக் கடைசியில் மெல்லன் என்ற தனியார் அறக்கட்டளை ஒன்றரைக் கோடி டாலர் அவசர உதவி அறிவித்தது. 56 மன்றங்களுக்கும் தலா 2 லட்சம் டாலர் உடனடிச் செலவுக்கு. கூடவே தலா 50,000 டாலர் வரை இணை மானியம். இதைக் கவனியுங்கள்: வீடு தீப்பிடித்திருக்கும்போதுகூட ஒரு பகுதியை "நீங்களும் திரட்டுங்கள்" என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள். பெரும்பகுதியை நிபந்தனை இல்லாமல் கொடுத்தது விவேகம். கழுத்துவரை தண்ணீரில் நிற்பவரிடம் போட்டி வைக்கக் கூடாது.

ஏற்கெனவே மூலதன நிதி கட்டி முடித்தவர்களிடமிருந்து அந்த நாற்காலியை யாரும் ரத்து செய்ய முடியவில்லை. அமெரிக்கக் கல்லூரிகள் சிலவற்றில் "என்.இ.எச். பேராசிரியர்" என்ற பதவிப் பெயரை இன்றும் பார்க்கலாம். பழைய சேலஞ்ச் கிராண்ட் பணத்தின் வருமானத்தில் ஓடும் பதவிகள் பல.

ஹார்வர்ட் தமிழ் இருக்கையும் இப்படித்தான் வந்ததா?

மூலதன நிதி என்ற அளவில் ஆமாம். அமெரிக்க அரசின் இணை மானியம் அதில் இல்லை. பல்கலைக்கழகம் கேட்டது 60 லட்சம் டாலர். விஜய் ஜானகிராமன், சுந்தரேசன் சம்பந்தம் என்ற இரண்டு மருத்துவர்கள் முதலில் 10 லட்சம் டாலர் போட்டார்கள். மியூனிக் சோதனையில் பார்த்த முதல் பெரிய தொகை மாதிரிதான் இது; அதற்குப் பிறகுதான் உலகத் தமிழர்கள் நூறும் ஆயிரமுமாகக் கொடுத்தார்கள். 2017இல் தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் அறிவித்தது, ஏறக்குறைய 15 லட்சம் டாலர். 2018 மார்ச்சில் இலக்கு நிறைந்தது. ஆனால் இருக்கையில் பேராசிரியர் அமர மேலும் சில ஆண்டுகள் ஆயின. சங்க இலக்கிய அறிஞர் மார்த்தா செல்பி அதில் இருக்கிறார். டொரன்டோ பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு இலக்கு 30 லட்சம் கனடிய டாலர். அங்கேயும் இதே கதைதான், புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் பங்கு அதிகம்.

60 லட்சத்துக்கு 5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 3 லட்சம் டாலர். "இவ்வளவு பணம் ஒரு வாத்தியாருக்கா?" என்று அப்போது பேசினார்கள். அந்த வாத்தியாருக்கு மட்டும் இல்லை. அவருக்குப் பின் வருபவருக்கும், அவருக்குப் பின் வருபவருக்கும். இதே பணத்தில் தமிழ்நாட்டில் எத்தனை பேரை அமர்த்தலாம் என்ற கேள்வியும் நியாயமானதே. அதைக் கேட்டவர்கள் பிறகு இங்கே எதற்கும் காசு திரட்டியதாகக் காணோம் என்பதுதான் வருத்தம்.

அவசரத்துக்கு மூலதனத்தில் கை வைக்கலாமா?

கொடையாளர் "நிரந்தரம்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் சட்டப்படியே கூடாது. நிர்வாகக் குழு தானாக ஒதுக்கி வைத்த பணம் என்றால் அதே குழு தீர்மானம் போட்டு எடுக்கலாம். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் கலக்காதீர்கள்.

பங்குச் சந்தை விழும்போது இந்தக் கேள்வி சூடாகும். 2008 சரிவில் ஹார்வர்டின் மூலதன நிதியே ஒரே நிதியாண்டில் 27 சதவீதம் முதலீட்டில் இழந்தது. மூன்று ஆண்டுச் சராசரியில் செலவு எடுப்பது இதற்காகத்தான்: ஒரு வருட அடி ஒரே வருடத்தில் சம்பளத்தில் விழாது.

நம் பக்கம் இப்படிப்பட்ட திட்டங்கள் உண்டா?

இந்தியாவில் நூலகங்களுக்கு ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை இருக்கிறது. 1972இல் தொடங்கியது, தலைமையகம் கொல்கத்தா. மாநில அரசு ஒரு பங்கு போட்டால் தானும் ஒரு பங்கு போடுகிற திட்டங்களும், அப்படி இல்லாத நேரடித் திட்டங்களும் அதில் உண்டு. ஆனால் புத்தகம், அலமாரி, கட்டடம் என்று செலவழிந்துவிடுகிற பணம் அது. மூலதன நிதி கட்ட உதவாது.

சிங்கப்பூரில் 2013 முதல் கலாசார இணை நிதி நடக்கிறது. கலை, மரபுடைமைத் துறைத் தொண்டு நிறுவனங்கள் தனியாரிடம் வாங்கும் ரொக்க நன்கொடைக்கு அரசு ஒரு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு வெள்ளி போடும். அங்கே தமிழ் நாடகமோ நடனமோ நடத்தும் அமைப்புகள், பதிவு பெற்ற தொண்டு நிறுவனமாக இருந்தால், கட்டாயம் விசாரிக்க வேண்டிய திட்டம்.

வெளிநாட்டு நண்பர்கள் தமிழ்நாட்டு நூலகத்துக்கு மூலதன நிதி தர விரும்பினால்?

இங்கே சட்டம் கொஞ்சம் கடினம். கொடுப்பவர் வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, வழக்கமான வங்கி வழியில் தன் சேமிப்பிலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் என்றால், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புது டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கியதை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. "நாங்கள் வாங்கி உங்களுக்கு அனுப்புகிறோம்" என்று நண்பர் அமைப்பு சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உள்நாட்டு நன்கொடையானாலும், இது மூலதன நிதிக்கே என்று கொடுப்பவர் எழுத்தில் குறிப்பிட வேண்டும். சட்டம் அனுமதித்த முதலீடுகளில் தனியாக அடையாளம் தெரியும்படி போட்டுவைக்க வேண்டும். ரசீதில் ஒரு வரி விட்டுப்போனால் பின்னால் வருமான வரித் துறைக்குப் பதில் சொல்லிக் களைத்துவிடுவீர்கள். ஒரு நல்ல ஆடிட்டரிடம் முதலிலேயே பேசுவது மலிவு.

எங்களுடையது சின்ன நூலகம். எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு செலவைத் தேர்ந்தெடுங்கள். "நூலகத்தை வாழவையுங்கள்" என்று கேட்டால் ஆயிரம் ரூபாய் வரும். "பழைய இதழ்களைப் பட்டியலிடும் ஒருவரின் சம்பளம், மாதம் 18,000, என்றென்றைக்கும்" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் கணக்குப் போடத் தொடங்குவார். ஆண்டுக்கு 2,16,000 ரூபாய். மூன்றரை சதவீதம் எடுப்பதாக வைத்தால் சுமார் 62 லட்சம் மூலதனம் வேண்டும்.

அப்புறம் அந்த 62 லட்சத்தில் பத்து லட்சம் போடக்கூடிய ஒருவரை, அல்லது ஐந்து லட்சம் போடக்கூடிய இருவரை, வெளியே வாய் திறக்கும் முன்பே பிடியுங்கள். அவர் சம்மதித்தால் ஒன்றுக்கு ஒன்று இணைத் தொகையாக அறிவிக்கலாம். அல்லது ஏற்கெனவே கொடுத்துவிட்டார் என்றே அறிவிக்கலாம். இரண்டாவதைத்தான் நான் சொல்வேன். பணத்தை எங்கே போடுவது, ஆண்டுக்கு எவ்வளவு எடுப்பது, யார் கையெழுத்திட்டால் எடுக்கலாம் என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, நிர்வாகக் குழுத் தீர்மானமாக நிறைவேற்றி, நன்கொடை கேட்கும் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள். நம் ஆட்கள் கொடுக்கத் தயங்குவது கஞ்சத்தனத்தால் இல்லை. நாளைக்கு வரும் தலைவர் என்ன செய்வாரோ என்ற பயத்தால். அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுத் தொகையைக் கூட்டியவர்கள் உண்டு.